நரிக்கு எதற்கு வசனம்?

வாசகர் கேள்வி – பதில்

போன தடவை ஒரு பதிலில், நானும் கிராஸ் ஸ்டிட்ச் (கட்டம் போட்ட துணியில் பெருக்கல் குறி வடிவத்தில் தைக்கும் தையல்) போடுகிறவள்தான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அப்புறம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஊசி நூல் சமாசாரம். அதிலும் பல, விசுவாசத்தையும் ஊசியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தவை. எனவே இந்த முறை முழுக்க அவற்றுக்கே. நான் போதகர் அல்ல. வேதம் வாசிக்கிற, நூல் வாங்கிச் சேர்க்கிற ஒருத்தி. என் பதில்களுக்கு அந்த அளவு மதிப்புதான்.

அக்கா, ஜெபிக்க முழங்காலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் கண் சொருகுகிறது. ஊசியை எடுத்தால் மட்டும் இரண்டு மணி நேரம் போவதே தெரிவதில்லை. தைத்துக்கொண்டே ஜெபம்பண்ணினால் அது ஜெபமாகுமா, இல்லை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?
*— குற்ற உணர்வோடு ஒரு வாசகி*

எந்தப் பகுதியைத் தைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு முகமோ பூவிதழோ போட்டுக்கொண்டிருந்தால் நாலு தையலுக்கு ஒரு நிறம் மாறும். ‘வலதுபக்கம் மூன்று, கீழே ஒன்று, இரண்டு கட்டம் தள்ளி அடுத்தது’ என்று எண்ணிக்கொண்டே ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ சொல்லிப் பாருங்கள். பூவும் கெடும், ஜெபமும் கெடும். அந்த நேரத்தில் எண்ணுங்கள், வேறொன்றும் வேண்டாம். ஆனால் வானம், சுவர், புல்வெளி என்று ஒரே நிறத்தில் வரிசை வரிசையாக நிரப்பும் இடங்கள் உண்டே, அங்கே கை தானாகப் போகும். போகும்போது ஒரு வரிசை முழுக்கச் சாய்கோடு, திரும்பி வரும்போது அதன் மேல் குறுக்குக்கோடு. மனம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் ஜெபிக்கலாம், நன்றாகவே ஜெபிக்கலாம்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கு ஓர் ஆள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நூல் வெட்டுகிறோம் இல்லையா, அது தீரும் வரை ஒரே ஆளுக்காக ஜெபம். நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகி வெட்டும்போது ஆமென். சிலருக்கு நூல் மிக நீளமாகத் தெரியும்; சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. அப்படியென்றால் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். போய் விசாரிக்க வேண்டும். எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரி ஒருத்திக்காக ஒரு நூல் ஒதுக்கினேன். பாதி நூல் வரை ஆண்டவரிடம் அவள் மேல் புகார்தான் வாசித்தேன். மீதிப் பாதிக்குப் புகார் தீர்ந்துவிட்டது. நூல் இன்னும் இருந்தது. என்ன செய்வது, அவளுடைய முழங்கால் வலிக்காக ஜெபித்தேன்.

ஆனால் ‘தைப்பதே ஜெபம்’ என்று சிலர் அழகாகச் சொல்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. தைப்பது தைப்பதுதான். அது நல்ல காரியமாக இருப்பதற்கு ஜெபம் என்று பெயர் மாற்ற வேண்டிய அவசியமில்லை. வெறுங்கையோடு உட்காரும் சில நிமிடங்களும் வேண்டும், கண் சொருகினாலும். ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்று 127ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. இரவில் முழங்காலில் நின்று தூங்கி விழுவதைவிட, தூங்கிவிட்டுக் காலையில் ஜெபிப்பது மேல்.

மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்க, மார்த்தாள் வேலையில் அலைந்த கதையை எடுத்துக்கொண்டு உங்களிடம் யாராவது வரக்கூடும். லூக்கா 10ஐ நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள். ‘நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்’ என்றுதான் ஆண்டவர் மார்த்தாளிடம் சொல்கிறார். ஊசி பிடிக்கும்போது நீங்கள் கலங்குகிறீர்களா, அமருகிறீர்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால், ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் கலங்குகிறீர்கள்.

நான் இப்போது ஒரு நரி போட்டுக்கொண்டிருக்கிறேன். காடு, காளான், நடுவில் நரி. என் மாமியார், ‘இவ்வளவு நேரம் செலவழிக்கிறாய், ஒரு வசனம் போட்டால் ஆண்டவருக்கு மகிமையாக இருக்குமே’ என்கிறார். ஓரத்தில் ஒரு வசனம் சேர்த்துவிடட்டுமா?
*— நரியோடு ஒரு மருமகள்*

வேண்டாம். நரிக்கு எதற்கு வசனம்?

யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தை மாமியாரோடு சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். பிரதான ஆசாரியனுடைய அங்கியின் கீழோரத்தில் என்ன வைக்கச் சொல்கிறார் கர்த்தர்? இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களால் மாதளம்பழங்கள், இடையிடையே பொன்மணிகள். பழம்! மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறவனுடைய உடையின் ஓரத்தில் பழம். எழுத்து வேண்டும் என்று நினைத்த இடத்தில் அதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: நெற்றியில் கட்டும் பொற்பட்டத்தில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டச் சொன்னார், கற்களில் கோத்திரங்களின் பெயர்களை வெட்டச் சொன்னார். மாதளம்பழத்துக்குக் கீழே விளக்கம் எழுதச் சொல்லவில்லை. அது பழமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

அடுத்து 31ஆம் அதிகாரம். கைவினைஞன் பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார். எதற்கு? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், கல் வெட்டவும், மரம் செதுக்கவும். கூடவே அகோலியாப். அவன் இளநீல, சிவப்பு நூல்களில் சித்திரத் தையல் வேலை செய்கிறவன் என்று 38ஆம் அதிகாரம் சொல்கிறது. நம்ம ஆள்.

நரியைப் படைத்தது யார் என்பதில் மாமியாருக்குச் சந்தேகம் இருக்காது. அதன் வாலில் எத்தனை ஆரஞ்சு இருக்கிறது என்று நிஜ நரியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சார்ட்டில், அதாவது கட்டம் போட்ட மாதிரிப் படத்தில், நாலு நிறம் கொடுத்திருப்பார்கள், அது போதாது. ஐந்தாவதாக மங்கலான பழுப்பு ஒன்று சேருங்கள். அவ்வளவு உன்னிப்பாக ஒரு நரியைப் பார்ப்பதே அதைப் படைத்தவருக்குச் செய்கிற மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. மாமியாருக்கு வசனம் வேண்டுமானால் அடுத்தது அவருக்காகப் போட்டுக் கொடுங்கள். அவர் கேட்பது ஒருவேளை அதுவாகவும் இருக்கலாம்.

தமிழில் வசனம் தைக்க ஆசை. கிடைக்கிற சார்ட் எல்லாம் ஆங்கிலத்தில். நானே வரைந்து பார்த்தேன், எழுத்தெல்லாம் நசுங்கிப் போகிறது. வழி உண்டா?
*— கட்டம் போட்ட நோட்டோடு ஒருவர்*

உண்டு. ஆனால் முதலில் துணியை மறந்துவிட்டு வசனத்தின் நீளத்தைப் பாருங்கள்.

ஆங்கிலப் பெரிய எழுத்து ஐந்து கட்ட அகலம், ஏழு கட்ட உயரத்தில் அடங்கிவிடும். நமக்கு அது நடக்காது. ‘கி’யின் கொக்கி மேலே போகும், ‘ரு’வின் வால் கீழே இறங்கும், புள்ளிக்கு இடம் விட வேண்டும். எழுத்தின் உடம்புக்கு ஒன்பது கட்டம், மேலே நாலு, கீழே நாலு, வரிகளுக்கு நடுவே மூன்று. ஆக ஒரு வரிக்கு 20 கட்டம். கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், 14 எண் என்றால் அங்குலத்துக்கு 14 கட்டம் என்பதால் ஒரு வரி கிட்டத்தட்ட ஒன்றரை அங்குல உயரம் பிடிக்கும்.

அகலம் அதைவிடப் பெரிய தொல்லை. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லை எண்ணிப் பாருங்கள். கொம்பு, கால் எல்லாம் தனியாக எண்ணினால் 14 உருக்கள். ஒன்றுக்குச் சராசரியாகப் பத்து கட்டம் என்றால் 140. ஒரே சொல், பத்து அங்குலம்! 18 எண் துணிக்குப் போனாலும் ஏறக்குறைய எட்டு அங்குலம். 23ஆம் சங்கீதம் முழுக்கத் தைக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவருக்காக நான் ஒரு நூல் ஒதுக்குவேன்.

எனவே சின்ன வசனத்தில் தொடங்குங்கள். ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ மூன்று சொல். ‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ இரண்டே சொல்தான், ஆனால் நீளம். என் வீட்டுச் சுவரில் இருப்பது ‘இயேசு கண்ணீர் விட்டார்’. யோவான் 11:35. வருகிறவர்கள் ஏன் இவ்வளவு சோகமான வசனம் என்கிறார்கள். எனக்கு அது சோகமாகப் படவில்லை; நண்பனின் சாவுக்காக அழுத ஒருவர் என்றால் நான் எதையும் அவரிடம் சொல்லலாம் என்று தோன்றும். ஒரே குறை, அது ‘இ’யில் தொடங்குகிறது. தமிழில் கட்டத்துக்குள் அடங்கவே அடங்காத எழுத்து ஒன்று உண்டென்றால் அது ‘இ’தான்.

வரைவதற்கு: அலங்காரம் இல்லாத, ஒரே தடிமனுள்ள எழுத்துருவில் பெரிதாக அச்செடுத்து, வரைபடத் தாளுக்கு அடியில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கட்டங்களை நிரப்புங்கள். பாதிக்கு மேல் எழுத்து விழும் கட்டம் கறுப்பு, மற்றது வெள்ளை. நிரப்பிய பிறகு தாளை ஆள் உயரத் தூரத்தில் ஒட்டி வைத்துப் படியுங்கள். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிந்தால் ‘ண’வுக்கு இரண்டு கட்டம் கூட்டுங்கள். புள்ளிக்கு ஒரே ஒரு முழுத் தையல் போதும், ஆனால் எழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வெற்றுக் கட்டம் கட்டாயம். இல்லையென்றால் புள்ளி எழுத்தோடு ஒட்டி, வசனமே வேறு ஏதோ ஆகிவிடும்.

சின்னதாக வேண்டுமென்றால் கிராஸை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பேக் ஸ்டிட்ச்சில் (கோடு போல் ஓடும் தையல்) ஒரே இழையால் போடுங்கள். வளைவுகள் அதில்தான் ஒழுங்காக வரும், அளவும் பாதியாகும். சுற்றிலும் கொடி, பூ, பறவை என்று கிராஸில் நிரப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து தொடங்குங்கள், இடது ஓரத்திலிருந்து வேண்டாம். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போகும் கொடுமை அதில்தான் நடக்கும்.

சபையில் நான் தைத்த ஒரு ஃப்ரேமைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்கிறார்கள். திருமணத்துக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று. ‘ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்’ என்கிறார்கள். மறுத்தால், உவமையில் வரும் ஊழியக்காரனைப்போல், கிடைத்த தாலந்தைப் பயன்படுத்தாமல் புதைத்தவள் ஆகிவிடுவேனா?
*— தூக்கமில்லாத ஒருத்தி*

பத்துக்கு எட்டு அங்குலத்தில் முழுக்க நிரப்பிய ஒரு படம், 14 எண் துணியில் 140க்கு 112 கட்டம். 15,680 தையல். மணிக்கு 150 போட்டாலும் நூறு மணி நேரத்துக்கு மேல். கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். ‘பிறந்த நாள் அட்டை அளவுக்குச் செய்து தருகிறேன், பெரியது முடியாது’ என்பது முழுமையான பதில். அதற்குப் பின்னால் மன்னிப்பு எதுவும் சேர்க்க வேண்டாம்.

வனாந்தரத்தில் ஆராதனைக்காகக் கட்டிய ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொருள் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? மனப்பூர்வமாய் வந்தவர்கள். யாத்திராகமம் 35 அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 36இல் இன்னும் ஒன்று. ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவருகிறார்கள் என்று வேலைக்காரர்கள் வந்து முறையிடுகிறார்கள். உடனே இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுக்கக் கூறச் சொல்கிறார். ‘போதும்’ என்று சொன்ன காணிக்கை! உங்கள் சபையிலும் அப்படி யாராவது சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

நான் 24 வயது ஆண். கிராஸ் ஸ்டிட்ச் பிடிக்கும். வாலிபர் கூட்டத்தில் தெரிந்ததிலிருந்து ஒரே கேலி.

தம்பி, அகோலியாப் ஆண்தான். வேதத்தில் தையல் வேலைக்காகப் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவர்களில் அவன் முன்னால் நிற்கிறான்.

வேதத்துக்கு வெளியே வேண்டுமானால், அலெக்சிஸ் காஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். 1941 டிசம்பரில், பிய்ந்துகொண்டிருந்த ஒரு கம்பளிச் சட்டையின் நூலை உருவி, கிடைத்த துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போட்டார். நடுவில் அப்பாவித்தனமான எழுத்துகளும் சின்னங்களும். ஓரத்துக் கரையில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் சங்கேதம்: ஒரு வரிசையில் மன்னருக்காக ஜெபம், இன்னொன்றில் ஹிட்லருக்கு அச்சில் ஏற்ற முடியாத வசவு. காவலர்களுக்கு விஷயம் புரியவில்லை. பாராட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். வசவை நான் சிபாரிசு செய்யவில்லை. கேலி செய்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த வாரம் ஒருவன் ரகசியமாக வந்து ஊசி கேட்பான்.

அம்மா பாதியில் விட்டுப்போன ஒரு வேலை. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆலயம். கோபுரம் முடிந்திருக்கிறது, கதவும் பாதையும் இல்லை. ஊசி இன்னும் துணியிலேயே இருக்கிறது. முடிப்பதா, அப்படியே வைப்பதா? ஜெபித்தும் பதில் கிடைக்கவில்லை.
*— மகள்*

முதலில் ஊசியை எடுத்துவிடுங்கள் அம்மா. துருப்பிடித்தால் துணியில் கறை இறங்கிவிடும். எந்த இடத்தில் இருந்தது என்று வேண்டுமானால் வெள்ளை நூலில் ஒரு சின்ன அடையாளம் போட்டு வையுங்கள். மற்றதை நிதானமாக யோசிக்கலாம், அவசரம் எதுவும் இல்லை.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு துணி இருக்கிறது. வெள்ளை லினன், சிவப்புப் பட்டு நூல், பூவோ கரையோ ஒன்றுமில்லை. முழுக்கச் சின்னச் சின்ன கிராஸ் தையலில் எழுத்து. 1830 வாக்கில் எலிசபெத் பார்க்கர் என்ற பெண் தைத்தது. 1813இல் பிறந்தவர், வீட்டு வேலைக்குப் போனவர். தனக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, வேலை செய்த வீட்டில் பட்ட கொடுமையையும், உயிரை விட நினைத்ததையும், ஆண்டவரிடம் கெஞ்சுவதையும் வரி வரியாகத் தைத்துக்கொண்டே போகிறார். கடைசியில், என் ஆத்துமா என்ன ஆகும் என்ற கேள்வியோடு வாசகம் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் துணி.

நின்ற இடத்தில் அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை. பள்ளி ஆசிரியை ஆனார், எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். துணியை மட்டும் எடுத்து முடிக்கவில்லை. அதைக் குறை என்று யாரும் நினைப்பதில்லை. 88ஆம் சங்கீதமும் அப்படித்தான் இருட்டிலேயே முடிகிறது. யாரும் அதற்கு ஒரு சந்தோஷமான கடைசி வசனம் ஒட்ட வைக்கவில்லை.

ஆகவே அப்படியே ஃப்ரேம் போடுவதும் சரியே. முடிப்பதும் சரியே. பதில் கிடைக்கவில்லை என்கிறீர்கள். இரண்டும் உங்கள் இஷ்டத்துக்கு விடப்பட்டிருக்கலாம் என்று ஏன் நினைக்கக்கூடாது?

முடிப்பதாக இருந்தால் சில விஷயம். அம்மாவின் மேல் சாய்கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீங்களும் அதே பக்கம் போட வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தில் உங்கள் பகுதி வேறாக மின்னும். எத்தனை இழை என்று பின்பக்கத்தில் எண்ணுங்கள். அதே எண் நூல் வாங்கினாலும் சாயத்தில் நூலிழை வித்தியாசம் வரலாம், அதனால் கோபுரச் சுவரின் நடுவே சேர்க்காமல் புது நூலைக் கதவுக்கும் பாதைக்கும் வையுங்கள். அவர் எங்காவது ஒரு கட்டம் தவறியிருந்தால் பிரிக்காதீர்கள். உங்கள் இழுப்பு அவருடைய இழுப்பு மாதிரி இருக்காது, அம்மா முடித்த இடமும் நீங்கள் தொடங்கிய இடமும் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். மூலையில் இரண்டு பேருடைய முதலெழுத்தையும் போடுங்கள்.

தேவன் ஒருவரே பூரணர் என்பதைக் காட்ட, ஒவ்வொரு வேலையிலும் வேண்டுமென்றே ஒரு தவறு விட வேண்டுமாமே?

வேண்டுமென்று விடவே தேவையில்லை. தானாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை தைக்கலாமா?

எனக்குத் தையல் ஓய்வு. எனவே ஆராதனை முடிந்து வந்து தைக்கிறேன். தைத்து விற்கிறவர்களுக்கு அது வேலை, அவர்கள் அன்று ஊசியை மூடி வைப்பது நல்லது. ஆராதனை நடக்கும்போதே பையிலிருந்து எடுத்துப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பிரசங்கம் கேட்க அது உதவுகிறது என்றும் சொல்கிறார். உதவலாம். பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் உங்கள் நூலையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அவர்களுக்கு யார் உதவுவது?

வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. துவைத்ததும் சாயம் இறங்கிச் சுற்றிலும் இளஞ்சிவப்பு. நாளை மறுநாள் ஒரு ஞானஸ்நானத்துக்குக் கொடுக்க வேண்டும். காப்பாற்றுங்கள்!
*— அவசரக்காரி*

காயவிட்டீர்களா? இன்னும் ஈரமாக இருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. காய்ந்திருந்தாலும் முயற்சி செய்யலாம். பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர், இரண்டு சொட்டு மிதமான சோப்பு, துணி முழுக்க மூழ்கட்டும். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை விடாமல் மாற்றிக்கொண்டே இருங்கள், இரவெல்லாம் ஊற வேண்டி வந்தாலும் சரி. நடுவில் வெளியே எடுத்துப் பிழியாதீர்கள், மடித்து வைக்காதீர்கள். ஈரத்துணி மடிந்தால் சாயம் அடுத்த பக்கத்துக்கும் ஒட்டும். பிளீச் வேண்டவே வேண்டாம். இளஞ்சிவப்பு முழுதாகப் போன பிறகு உலர்ந்த வெள்ளைத் துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்து, விரித்துக் காய வையுங்கள். தையல் பக்கம் கீழே இருக்க, அடியில் ஒரு துண்டு போட்டு இஸ்திரி. கறை இருக்கும்போது இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் நிலைத்துவிடும்.

நாளை மறுநாளுக்குள் முடியாவிட்டால் வாழ்த்து அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, ஃப்ரேம் பின்னால் வருகிறது என்று சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெறுகிறவருக்கு அன்று கவனிக்க வேறு விஷயம் இருக்கும்.